பைமியோ: படுத்திருப்பவருக்காக வரைந்த அறை

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க" என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவதில்தான் இன்று பெரும்பாலான தனித்தயாரிப்பு வேலைகள் தொடங்குகின்றன. நாற்காலியோ தொங்குவிளக்கோ படிக்கட்டுக் கம்பியோ, வடிவம் முதலில் வந்துவிடும். யார் பயன்படுத்தப் போகிறார்கள், எவ்வளவு நேரம், என்ன நிலைமையில் என்பதெல்லாம் அளவெடுக்கும்போது பேச்சோடு பேச்சாக வரும், வராமலும் போகும். இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்த ஒரு பழைய வேலையை இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

பின்லாந்தின் தென்மேற்கே, துர்க்கு நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, பைன் காட்டுக்கு நடுவே 1933இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனைதான் அது. வடிவமைத்தவர் பின்லாந்துக் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ. கட்டடக்கலை மாணவர்கள் இதன் வெள்ளைச் சுவர்களையும் நீண்ட ஜன்னல் வரிசைகளையும் படித்திருப்பார்கள். இங்கே கட்டடம் பின்னணி மட்டும்தான். அதற்குள் இருந்த கட்டில், விளக்கு, கைகழுவும் தொட்டி, அலமாரி, கதவுக் கைப்பிடி, நாற்காலி ஆகியவையே இந்த ஆய்வின் பொருள். அநேகமாக அத்தனையும் அந்த ஒரு மருத்துவமனைக்கென்றே வரையப்பட்டு, பக்கத்துப் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் செய்யப்பட்டவை.

வேலை வந்த விதம்

1920களின் கடைசியில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. அதற்கு வேலை செய்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிரித்தெடுக்கப்பட்டது 1943இல்தான். அதுவரை மருத்துவர்கள் கொடுத்ததெல்லாம் சுத்தமான காற்று, வெயில், சத்துள்ள சாப்பாடு, அப்புறம் நீண்ட ஓய்வு. நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். நாளின் பெரும்பகுதி படுக்கையிலேயே போகும். ஆக அறைதான் மருந்து. அறையில் தவறு இருந்தால் சிகிச்சையிலேயே தவறு என்று அர்த்தம்.

அந்தப் பகுதியின் பல ஊராட்சிகள் சேர்ந்து பொதுவாக ஒரு மருத்துவமனை கட்ட முடிவு செய்து, 1928 இறுதியில் வடிவமைப்புப் போட்டி அறிவித்தன. 1929 தொடக்கத்தில் ஆல்ட்டோவின் திட்டம் தேர்வானது. அப்போது அவருக்கு 31 வயதை ஒட்டி. அலுவலகத்தை 1927இல்தான் துர்க்குவுக்கு மாற்றியிருந்தார். மனைவி ஐனோவும் கட்டடக்கலைஞர். உள்ளரங்க, அறைகலன் வேலைகளில் அவருக்கு இருந்த பங்கைப் பழைய எழுத்துகள் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டன. கான்கிரீட் சட்டகத்தின் பொறியாளர் எமில் ஹென்றிக்சன். நிறங்களில் அலங்கார ஓவியர் எய்னோ கௌரியா உதவினார்.

நோயாளிப் பகுதி ஆறு மாடி. சுமார் 290 படுக்கை, அறைக்கு இருவர். இந்த எண்ணிக்கை முக்கியம், பின்னால் திரும்ப வருகிறேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்

ஆல்ட்டோ பின்னாளில், 1940இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்த வேலை நடந்த காலத்தில் தானே நோயுற்றுப் படுக்க நேர்ந்ததாகவும், சாதாரண அறைகள் நிமிர்ந்து நடமாடுபவருக்காகக் கட்டப்பட்டவை என்பது அப்போது உறைத்ததாகவும் சொல்கிறார். படுத்திருப்பவருக்குக் கூரைதான் சுவர். நடுக்கூரையில் தொங்கும் விளக்கு நிற்பவருக்குத் தலைக்கு மேலே எங்கோ இருக்கும். மல்லாந்து கிடப்பவருக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கும். கலைஞர்கள் பின்னாளில் சொல்லும் இப்படிப்பட்ட கதைகளில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் வரைபடங்களும் செய்த பொருள்களும் அந்தக் கதைக்கு ஒத்தே இருக்கின்றன.

கூரைக்கு மங்கிய பச்சைச் சாயல், சுவர்களுக்கு அதைவிட வெளிர் நிறம். பொதுவாக நாம் கூரைக்கு வெள்ளை அடிக்கிறோம், அறை பெரிதாகத் தெரியும் என்று. இங்கே நாள் முழுக்கக் கூரையைப் பார்ப்பவரின் கண் கூசக்கூடாது என்பது கணக்கு. விளக்கு படுக்கையின் தலைமாட்டுப் பக்கச் சுவரில், நோயாளியின் பார்வைக்குள் வராத இடத்தில். வெளிச்சம் மேல்நோக்கிப் போய்ப் பட்டுத் திரும்பி வரும். கூரை பச்சை என்பதால் வெளிச்சத்தை விழுங்கிவிடுமே? அதற்காக விளக்குக்கு நேர் மேலே ஒரு பகுதிக்கு மட்டும் வெள்ளை. விளக்கின் பிரதிபலிப்புத் தகடு ஒரு பாதி என்றால், மறுபாதி கூரையில் இருந்தது. விளக்கை வரைபவரும் சுவருக்கு நிறம் சொல்பவரும் வேறு வேறு ஆட்களாக, வேறு வேறு பில் போடுகிறவர்களாக இருந்தால் இந்தத் தீர்வு வரவே வராது. உள்ளரங்க வேலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். பெயின்ட் முடிந்து, ஃபால்ஸ் சீலிங் முடிந்து, கடைசியில்தான் விளக்குக் கடைக்குப் போகிறோம்.

வெப்பமும் இதே யோசனையில்தான். பின்லாந்தின் குளிருக்கு அறையைச் சூடாக்கியே ஆகவேண்டும். சூடேற்றும் தகடுகள் கூரையில் பொருத்தப்பட்டன. கதகதப்பு நோயாளியின் கால் பக்கம் விழுமாறு வைத்து, தலைக்கு நேராகச் சூடு அடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் இரட்டைக் கண்ணாடி. வெளிக்காற்று இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே குறுக்காக நகர்ந்து, கொஞ்சம் வெதுவெதுப்பாகி உள்ளே வரும். சுத்தமான காற்று கட்டாயம், ஆனால் குளிர்க்காற்று முகத்தில் அறையக்கூடாது. இந்த ஜன்னலே மரமும் இரும்பும் சேர்ந்த ஒரு தனித் தயாரிப்பு.

சத்தம் அடுத்தது. இரண்டு நோயாளி ஒரே அறையில் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவர் இரவில் எழுந்து முகம் கழுவினால் மற்றவர் விழித்துக்கொள்வார். எனவே ஆளுக்கொரு தொட்டி. அந்தத் தொட்டியின் பீங்கான் சரிவு தண்ணீர் நேராக மோதாமல் சாய்ந்த கோணத்தில் பட்டு வழியும்படி அமைந்தது. செங்குத்தாக விழும் தண்ணீர்தான் தட்டிச் சத்தம் போடும். சரிந்து வழிந்தால் ஓசை அடங்கிவிடும். இயற்பியல் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, எட்டாம் வகுப்புச் சமாசாரம். ஆனால் அதற்காகத் தனி அச்சு போட்டுப் பீங்கான் தொட்டி வார்க்கச் சொல்வதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். இது போதாதென்று அறையின் ஒரு சுவரை ஒலி உறிஞ்சும்படியும் செய்தார்கள்.

அலமாரி வளைந்த ப்ளைவுட். தரையில் நிற்காமல் சுவரில் ஏற்றிப் பொருத்தியது. கீழே துடைப்பம் தடையில்லாமல் போகும். மூலைகள் வளைந்திருப்பதால் தூசி தங்க இடமில்லை. தூசி இங்கே அழகுப் பிரச்சினை அல்ல, காசநோய்க் கிருமி சளியோடு வெளியே வந்து காய்ந்து தூசியோடு பரவும் என்ற அச்சம் அன்றைய மருத்துவத்தில் பலமாக இருந்தது. அந்தக் காலத்து மருத்துவமனைகளில் காணும் வளைவுகளுக்கும் மழமழப்புக்கும் பாதிக் காரணம் இந்த அச்சம்தான். பிற்காலத்தில் அதை வெறும் 'நவீன பாணி' என்று எடுத்துக்கொண்டவர்கள் அதிகம்.

கைப்பிடியும் மேலங்கியும்

பைமியோவின் உலோக வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கதவுக் கைப்பிடி. மருத்துவர்களும் செவிலியர்களும் தொளதொள மேலங்கி போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கதவுகளைக் கடப்பார்கள். சாதாரண நெம்புக் கைப்பிடியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சட்டைக்கை அதில் மாட்டும், துணி கிழியும், கையில் இருக்கும் தட்டு கவிழும். ஆல்ட்டோவின் கைப்பிடி ஒரு வளையமாக மடிந்து முனையைக் கதவுப் பக்கமாகவே திருப்பிக்கொள்கிறது. துணி மாட்ட முனையே இல்லை.

இதைச் செய்பவர் கண்ணோட்டத்தில் பாருங்கள். நேர் கம்பியில் ஒரு நெம்பு செய்வது எளிது, ஒரே வளைவில் முடிந்துவிடும். வளையமாக மடித்தால் வளைவுகள் கூடும், ஒவ்வொரு வளைவிலும் அச்சு ஒத்துப்போக வேண்டும், மெருகேற்றும்போது உள்பக்கத்துக்குக் கை போகாது. ஒரு கைப்பிடிக்கு ஆகும் நேரம் கூடத்தான் செய்யும். அந்தக் கூடுதலுக்கு இருக்கும் ஒரே நியாயம் அந்த மேலங்கி. மேலங்கி போடாதவர்கள் வாழும் வீட்டில் அதே கைப்பிடியை மாட்டினால் அது வெறும் அலங்காரம். தவறில்லை, ஆனால் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கட்டிலும் பக்க மேசையும் இரும்புக் குழாய். குழாயை வளைப்பதில் உள்ள பழைய சிக்கல் எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும் தெரிந்ததே. வெறும் குழாயை வளைத்தால் உள்வளைவு நசுங்கி மடிப்பு விழும். மணல் நிரப்பி முனைகளை அடைத்து வளைப்பது ஒரு வழி, உள்ளே தாங்கு கம்பி கொடுத்து எந்திரத்தில் வளைப்பது இன்னொரு வழி. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் இது பெரிய பரபரப்பு. 1925இல் வடிவமைப்பாளர் மார்செல் ப்ராயர் இரும்புக் குழாயில் நாற்காலி செய்ததிலிருந்து, புதுமை என்றாலே குழாய் என்றாகிவிட்டது. ஆல்ட்டோவும் விலக்கில்லை, 1920களின் கடைசியில் தன் வீட்டுக்கே ப்ராயரின் குழாய் சாமான்களை வாங்கிப் போட்டவர் அவர்.

பைமியோவில் கட்டில் குழாயிலேயே நின்றுவிட்டது, நாற்காலி மட்டும் மரத்துக்கு மாறியது. ஏன் என்பதற்கு என் விளக்கம் இது: கட்டிலை நோயாளி நேரடியாகத் தொடுவதில்லை, நடுவில் மெத்தை இருக்கிறது. அதைக் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும், தள்ளிக்கொண்டு போக வேண்டும். இரும்பே சரி. நாற்காலியில் கை நேரடியாகப் படுகிறது, வெறும் கழுத்து சாய்கிறது. ஒரே அறையில் ஒரே பாணி என்ற ஒழுங்கைப் பிடித்துத் தொங்காமல், உடம்பு எங்கே தொடுகிறது என்பதை வைத்துப் பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

விளக்குகள்

ஹெல்சின்கியில் டாயித்தோ என்ற உலோக வேலை நிறுவனம் 1918 முதல் இயங்கி வந்தது. பித்தளை வேலைக்குப் பேர்போன இடம். அதை நடத்திய பாவோ டூனெல் பின்லாந்து விளக்கு வடிவமைப்பின் முன்னோடி. பிற்காலத்தில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் பொதுச் செயலரின் அலுவலகத்துக்கு விளக்கு செய்யுமளவுக்குப் போனவர். பைமியோவுக்கான விளக்குகள் இங்கேதான் செய்யப்பட்டன.

தகட்டு விளக்குக் கூடு செய்ய, சுழலும் அச்சின்மேல் வட்டத் தகட்டை வைத்து உருளைக் கோலால் அழுத்தி அழுத்திப் படிய வைப்பது வழக்கமான முறை. நம் ஊர் அலுமினியப் பாத்திரப் பட்டறைகளிலும் இதே வேலைதான் நடக்கிறது. இதில் ஒரு வசதி உண்டு. அச்சு மரத்தில் கடைந்தால் போதும், எஃகு அச்சு தேவையில்லை. சில நூறு எண்ணிக்கைக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஒரு மருத்துவமனைக்கு வேண்டிய எண்ணிக்கை சரியாக அந்த அளவுதான்.

மருத்துவமனை விளக்குக்கு இரண்டு நிபந்தனை: பல்பு கண்ணில் படக்கூடாது, மேற்பரப்பில் தூசி தேங்கக்கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று மோதும். கூசாமல் இருக்கத் தடுப்புகள் வேண்டும், தடுப்புகளின் மேலே தூசி உட்காரும். டென்மார்க்கில் விளக்கு வடிவமைப்பாளர் பால் ஹென்னிங்சன் 1920களின் நடுவில் அடுக்கடுக்கான கூடுகளால் கூச்சத்தைத் தீர்த்திருந்தார், அந்த விளக்குகளை ஆல்ட்டோ நன்கு அறிவார். ஆனால் அடுக்குகள் என்றால் துடைக்க வேண்டிய பரப்பும் அத்தனை மடங்கு. பைமியோ விளக்குகளின் வடிவம் எளிமையாக, மூடியதாக இருப்பதற்கு இதுவே காரணம். நோயாளி அறையில் பல்பை மறைக்கும் வேலையைத் தடுப்பு செய்யவில்லை, விளக்கை வைத்த இடம் செய்துவிட்டது. அதுதான் சாமர்த்தியம்.

குழாயிலிருந்து மரத்துக்கு

நாற்காலிக் கதைக்கு வரலாம். துர்க்குவில் ஓட்டோ கோர்ஹோனென் என்பவர் அறைகலன் தொழிற்சாலை நடத்தி வந்தார். மரம் தெரிந்தவர், எந்திரமும் தெரிந்தவர். 1920களின் இறுதியிலிருந்தே ஆல்ட்டோவும் அவரும் சேர்ந்து மரத்தை வளைக்கும் சோதனைகளில் இருந்தார்கள். பின்லாந்தில் பிர்ச் மரத்துக்குப் பஞ்சமில்லை. நேரான நார், வெளிர் நிறம், மெல்லிய ஏடுகளாக உரிக்க ஏற்றது.

முதல் கட்டத்தில் ஒரு கலப்பு நாற்காலி. உட்காரும் பகுதியும் சாய்வும் ஒரே வளைந்த ப்ளைவுட், அதைத் தாங்கும் கால்கள் இரும்புக் குழாய். கையாள எளிது, செய்ய எளிது. ஆனாலும் ஆல்ட்டோவுக்குத் திருப்தியில்லை. இரும்பு உடம்புச் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும், தொட்டால் சில்லென்றிருக்கும். முலாம் பூசிய பரப்பு வெளிச்சத்தைப் பளிச்சென்று திருப்பியடிக்கும், சத்தத்தையும்தான். ஒரு மணிநேரம் உட்கார்ந்து போகிறவருக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் தினமும் அதே கூடத்தில் உட்காரப் போகும் நோயாளிக்கு நிலைமை வேறு.

1931, 1932 வாக்கில் முழுதும் மரத்திலான நாற்காலி வந்தது. இன்று பைமியோ நாற்காலி என்றும், தயாரிப்பு எண் 41 என்றும் விற்பது இதுதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூடிய வளையம்: காலும் கைப்பிடியும் தரைச் சட்டமும் ஒரே தொடர்ச்சி. மெல்லிய பிர்ச் ஏடுகளைப் பசை தடவி அடுக்கி, அச்சில் வளைத்து அழுத்திச் செய்தது. இரண்டு வளையங்களையும் குறுக்குச் சட்டங்கள் பிணைக்கின்றன. நடுவே ஒரே ப்ளைவுட் தகடு, உட்காரும் இடத்தில் சரிந்து, முதுகில் நிமிர்ந்து, மேலேயும் கீழேயும் சுருண்டு முடிகிறது. அந்தச் சுருள்கள் பார்ப்பதற்கு மட்டுமல்ல. தட்டையான மெல்லிய தகடு எடை தாங்காமல் ஒடிந்துபோகும் இடம் விளிம்புதான். விளிம்பைச் சுருட்டினால் விறைப்பு வந்துவிடும், கூடவே கொஞ்சம் ஸ்பிரிங் போல அமுங்கவும் செய்யும். தகரத் தகட்டின் ஓரத்தை மடிப்பதும் இதே காரணத்துக்குத்தான். தலை சாயும் இடத்தில் கிடைக்கோடாகச் சில வெட்டுகள், காற்று போக.

இதைச் செய்யும்போது வரும் சிக்கல்களைச் சொல்லாமல் விட முடியாது. ப்ளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். அதனால்தான் வலிமை, அதனால்தான் வளையவும் அடம்பிடிக்கும். சின்ன ஆரத்தில் வளைத்தால் வெளிப்பக்க ஏட்டில் விரிசல் விழும். ஏடு எவ்வளவு மெலிதோ அவ்வளவு நெருக்கமாக வளைக்கலாம். மெலிதானால் அடுக்கு கூடும், அடுக்கு கூடினால் பசையும் அழுத்தும் நேரமும் கூடும். அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு கொஞ்சம் பின்வாங்கும். எவ்வளவு பின்வாங்கும் என்பது மரத்தின் ஈரத்தைப் பொறுத்தது, ஆகவே அச்சையே கொஞ்சம் அதிகமாக வளைத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து வரைந்துவிட முடியாது. அச்சு போட்டு, எடுத்து, உடைத்து, மறுபடி போட்டுத்தான் தெரியும். ஆல்ட்டோ பேரைச் சொல்லும்போது கோர்ஹோனென் பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. இந்த நாற்காலியின் சாய்வு காசநோயாளிக்கு மூச்சு விடுவதை எளிதாக்கும் என்று விற்பனைக் குறிப்புகள் எல்லாவற்றிலும் இருக்கும். நெஞ்சு விரிந்து உட்காரலாம், உண்மைதான். அது மருத்துவக் கருவி என்ற அளவுக்குப் போவது அதிகம். அதேபோல் இது நோயாளி அறைக்கான நாற்காலி என்றும் பலர் எழுதுகிறார்கள். பொதுக் கூடத்தில் உட்காரச் செய்தது. வெயில் மாடத்தில் வரிசையாகப் போட்டவை வேறு சாய்வுக் கட்டில்கள்.

நூற்றுக்கணக்கில் ஒன்று

முன்னே சொன்ன 290 படுக்கைக்கு வருகிறேன். இந்த வேலை முழுவதற்கும் பொருளாதார அடிப்படை அந்த எண்தான். ஒரு வீட்டுக்கு ஒரு நாற்காலி என்றால் அச்சின் செலவு முழுதும் அந்த ஒரு நாற்காலி தலையில் விழும். யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. அதே நேரத்தில் ஆயிரக்கணக்கில் விற்கப்போகிற தொழிற்சாலை, நன்றாகப் போகுமா என்று தெரியாத வடிவத்துக்கு அச்சு போடத் தயங்கும். மருத்துவமனை இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒரே இடம், ஒரே தேவை, நூற்றுக்கணக்கான எண்ணிக்கை. தொட்டிக்கு அச்சு போட்டாலும் கட்டுப்படியாகும், விளக்குக் கூடுக்குப் போட்டாலும் கட்டுப்படியாகும். பணம் பொதுப்பணம் என்பதால் வீண் ஆடம்பரத்துக்கு இடமும் இல்லை.

பள்ளிக்கூடம், விடுதி, திருமண மண்டபம் போன்ற வேலைகள் கிடைக்கும் பட்டறைகள் இந்த இடத்தை இன்னும் கவனிக்கலாம் என்று தோன்றுகிறது. அப்படிப்பட்ட வேலையிலும் நாம் பெரும்பாலும் கடைச் சரக்கைத்தான் நூறு மடங்காக வாங்கிப் போடுகிறோம்.

தூரமும் ஒரு காரணம். கோர்ஹோனென் தொழிற்சாலை ஆல்ட்டோவின் அலுவலகம் இருந்த அதே ஊரில். காலையில் மாதிரியைப் பார்த்து, மாலைக்குள் திருத்தம் சொல்ல முடியும். மாதிரி சரியில்லை என்றால் செய்தவரோடு சேர்ந்து நின்று பார்க்க முடியும். இன்று வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, சரக்கு வந்து இறங்கும்போதுதான் வளைவு தப்பு என்று தெரிகிறது.

பிறகு

மருத்துவமனைக்கென்று கிடைத்த மர வளைப்பு அனுபவம் அதோடு நிற்கவில்லை. 1933இல் வந்த மூன்றுகால் ஸ்டூல், எண் 60, அதன் நேரடி வாரிசு. முழு மரக் காலின் மேல்முனையில் நார்ப்போக்கில் வாள்வெட்டுப் பிளவுகள் போட்டு, அவற்றுக்குள் பசை தடவிய மெல்லிய ஏடுகளைச் செருகி, அந்த முனையை மட்டும் வளைப்பது. கீழே திடமான மரம், மேலே வளைந்த அடுக்கு. அந்த வளைந்த முனையை இருக்கைப் பலகையின் அடியில் திருகாணியால் முடுக்கினால் தீர்ந்தது. மூலைப் பொருத்து வேலையே வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் முடியும். தச்சு வேலை தெரிந்தவர்கள் அந்தக் காலை ஒருமுறை பார்த்தால் அதன் மதிப்பு உடனே பிடிபடும்.

1933 நவம்பரில் லண்டனில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் இந்த அறைகலன்களின் கண்காட்சி நடந்தது. ஆர்டர்கள் வந்தன, அதைச் சமாளிக்க அமைப்பு இல்லை. 1935இல் ஆல்வார், ஐனோ, கலை ஆதரவாளர் மாய்ரே குல்லிக்சென், கலை விமர்சகர் நில்ஸ்-குஸ்தாவ் ஹால் ஆகிய நால்வர் சேர்ந்து ஹெல்சின்கியில் ஆர்ட்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தயாரிப்பு தொடர்ந்து கோர்ஹோனென் தொழிற்சாலையில். 2013இல் ஆர்ட்டெக்கை விட்ரா என்ற சுவிஸ் அறைகலன் நிறுவனம் வாங்கியது, அடுத்த ஆண்டு அந்தத் தொழிற்சாலையையும் ஆர்ட்டெக் வாங்கிக்கொண்டது.

ஊராட்சிப் பணத்தில் நோயாளிகளுக்காகச் செய்த நாற்காலி இன்று பணக்கார வீட்டு வரவேற்பறைகளில் மெத்தையில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. எனக்கு இதில் பெரிய குறையில்லை. ஆனால் அறையிலிருந்து நாற்காலியை மட்டும் பிடுங்கி எடுத்ததில் மற்றவை பின்தங்கிப்போயின. ஓசையில்லாத தொட்டிக்கும், தலைமாட்டு விளக்குக்கும், மேலங்கிக் கைப்பிடிக்கும் நாற்காலி பெற்ற புகழில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. நாற்காலியைத் தனியாகப் படம் எடுக்கலாம், விற்கலாம். கூரைப் பச்சையோடு சேர்ந்து வேலை செய்யும் விளக்கைத் தனியாகக் கழற்றி விற்க முடியாது. என்னைக் கேட்டால் பைமியோவில் கெட்டிக்கார வேலை அந்த விளக்குதான், நாற்காலி இரண்டாவது.

மருந்து வந்தபின் காசநோய் மருத்துவமனைகளின் காலம் முடிந்தது. பைமியோ 1960களில் பொது மருத்துவமனையாக மாறியது. திறந்திருந்த வெயில் மாடங்கள் மூடப்பட்டு அறைகளாயின. தேவை மாறினால் தேவைக்கென்று செய்தவையும் மாறும், அதில் வியப்பில்லை. இருந்தும் அசல் பொருள்களில் கணிசமானவை உள்ளேயே தங்கிவிட்டன, பராமரிப்புப் பட்டறைகள் அவற்றை ஒட்டியும் பூசியும் ஓட்டின. 2014இல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளையின் நிதியுதவி கிடைத்து, 2016இல் விரிவான பாதுகாப்புத் திட்டம் தயாரானது. 2020இல் கட்டடத்துக்கென்றே ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஒரு நோயாளி அறையைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சுற்றிப் பார்க்க ஏற்பாடு உண்டு. போகிறவர்கள் நாற்காலியோடு நின்றுவிடாமல், அந்த அறையின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, படுத்திருப்பவர் கண் உயரத்திலிருந்து ஒருமுறை விளக்கைத் தேடிப் பாருங்கள்.